வாடகைக் கை

அறுபதுகளில் எங்கள் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்து இரண்டு பெண்கள் செத்தார்கள். கேஸில் நிற்க ஆள் வேண்டுமென்று, கணக்குப்பிள்ளையான என்னை முதலாளி அவசரமாக மானேஜர் ஆக்கினார். கோர்ட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சம்மனைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கஞ்சிபோட்ட சட்டைக்காரர் ஒருவர், வறுகடலை கொறித்து, தொலியைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“புது மானேஜரா? பதறாதீக. நான் பல கம்பெனிக்கு மானேஜரு.”

“முதலாளியப் பிடிக்க மாட்டாகளா?”

“முதலாளிமாரு கம்பெனிதேன் பொறுப்புன்னு சொல்லிருவாக. கம்பெனிக்கு விலங்கு மாட்டக் கை ஏது? அதுக்குத்தேன் நம்ம கைய வாடகைக்கு எடுத்திருக்காக.”

“கம்பெனிப் பக்கம் போயிருக்கீகளா?”

“அங்கனயா? எனக்குப் புள்ளகுட்டி இருக்குய்யா!”

கோர்ட்டுச் சேவகரான டவாலி, “மானேஜர்!” என்று கூவினார். எந்தக் கம்பெனி என்றுகூடக் கேட்காமல் சட்டைக்காரர் எழுந்து உள்ளே போனார். யாருக்காகப் போனாரோ, இன்றுவரை தெரியவில்லை. என்னை அதற்கப்புறம் யாரும் கூப்பிடவே இல்லை.