அளவுகோலால் தட்டிய டியூப்லைட்டு

எங்கள் மாடிப்படி விளக்கு எரியாத நாட்களில், நான் வழிபாடு முடிந்து திரும்பும் நேரத்துக்கு முதல் மாடித் தையல்கார அக்கா தன் வாசற்கதவை அகலத் திறந்து வைப்பார். அந்த வெளிச்சத்தில் நான் இரண்டாம் மாடிக்கு ஏறிப் பூட்டைத் திறந்த சத்தம் கேட்ட பிறகுதான் கதவு சாத்தப்படும். இதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நானாகத்தான் கண்டுகொண்டேன். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று ஆண்டவனிடம் கேட்டுக்கொள்வேன்.

அவர் தைத்தது வக்கீல் கோட்டு. கறுப்புத் துணி, கறுப்பு நூல். மிஷினுக்கு மேலே இருந்த பழைய டியூப்லைட்டோ மினுக் மினுக்கென்று உயிரை வாங்கும். துணி அளக்கும் மர அளவுகோலால் அதை ஒரு தட்டுத் தட்டுவார். எரியும். கோட்டில் ஒரு கை தைத்து முடிப்பதற்குள் மறுபடி போய்விடும்.

“புதுசு ஒண்ணு மாட்டினாத்தான் என்னவாம்?”

அக்கா இப்படிக் கேட்டதுமே அவர் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிடுவார். கிடங்கில் மூட்டை எண்ணுகிற மனிதர். நாங்கள் எல்லோரும் அவரை இன்ஜினியர் என்போம். அது கேலி என்று அவருக்குத் தெரியாது.

“நல்ல லைட்டைத் தூக்கிப் போடச் சொல்றியே. ஸ்டார்ட்டர்தான் போயிருக்கு.”

சமையலறை விளக்கின் ஸ்டார்ட்டரைக் கழற்றி இங்கே போடுவார். இங்கே எரியும், அடுப்படி இருண்டுவிடும். மறுநாள் குளியலறையில் இருப்பது அடுப்படிக்கு வரும்.

“இருட்டு இன்னிக்குக் குளிக்கப் போயிருக்கு, தங்கச்சி” என்பார் அக்கா என்னிடம். சிரிப்போம். ஆனால் அவருக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். யார் தயவும் இல்லாமல் வீட்டிலேயே மிஷின் மிதித்துப் பிழைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை.

ஒருநாள் கோட்டின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். தைக்கத் துணி அனுப்பும் கடைக்காரர் நேரிலேயே வந்து கோட்டை மிஷின்மேல் வைத்தார். “இன்னொரு தடவை இப்படி வந்தா துணி அனுப்ப மாட்டேன்மா.”

அக்கா பேசாமல் உட்கார்ந்து தையலைப் பிரித்தார். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் இன்ஜினியர் எல்இடி விளக்கு வாங்கி வந்து மாட்டினார். பழையதை மட்டும் பீரோமேல் ஏற்றி வைத்தார். அறையே பால்போல ஆனது. எனக்கும் நிம்மதி.

ஒரு வாரம் போகவில்லை. நன்றாக எரிந்துகொண்டிருந்த அதை, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க மனிதர் கழற்றினார். ஒட்டி மூடிய சாமான். கத்தியால் நெம்பினார். செத்துப்போனது. கடையில், “பிரிச்சதை மாத்தித் தர முடியாது” என்று கைவிரித்தார்கள்.

“இதுக்குத்தான் பழசே மேல்னு சொன்னேன். அதைப் பிரிக்கலாம், மாட்டலாம்” என்று அவர் மறுபடி பீரோவிடம் போனபோது, எனக்கே பொறுமை போய்விட்டது. ஆண்டவன் மன்னிக்கட்டும்.

பழைய விளக்கு திரும்பியது. கூடவே அளவுகோலும். அடுத்த கோட்டில் பொத்தான் வரிசை கோணிப்போக, கடைக்காரர் சொன்னபடியே துணியை நிறுத்திவிட்டார்.

மகள் இருக்கும் ஊரில் ஒரு தையல் கம்பெனியில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. ஆளுக்கு ஒரு விளக்காம். வீட்டுக்காரர் கிடங்கு வேலையை விட மாட்டேன் என்று இங்கேயே தங்கினார்.

கிளம்புகிற அன்று அக்கா பையோடு படியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ வர்ற நேரத்துக்குக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கேன், தங்கச்சி. திறந்து வைப்பாரு. உள்ளே லைட்டு எரியுமான்னுதான் எனக்குத் தெரியாது.”