திருவிழா வாடகை

கோச்சடையில் நான் தங்கிய மாடி அறையின் உரிமையாளருக்கு, கைபேசியை எடுத்துப் பார்த்து, முகம் துடைத்துத் திரும்பப் பையில் வைக்கும் பழக்கம். நான் கிளம்பிய நாளுக்கு மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். அதை நம்பி வாடகையை இரண்டு மடங்காக்கியிருந்தார். நான் அறையைக் காலி செய்யும்வரை யாரும் பதிவு செய்யவில்லை.

"குறைச்சுப் போடுங்களேன்," என்றேன்.

"குறைச்ச மறுநிமிசமே, கேட்டதைக் குடுக்கிறவன் வருவான்ணே. ஆனா குறைக்காம இருந்து, அதுக்குள்ள மேலூர்ல இருந்து மாமனார் வீட்டு ஆளுக வந்துட்டா? காலி ரூமை வச்சுக்கிட்டு இடமில்லைன்னா சொல்ல முடியும்?"

வாசலில் வேன் நின்றது. "மாப்ள, மேல காலியாத்தானே இருக்கு?"

"உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன் மாமா!" சிரித்தபடியே பைகளை வாங்கி மாடியேற்றினார்.

இறங்கியதும் கைபேசி ஒலித்தது. அவர் கேட்ட வாடகைக்கே யாரோ பதிவு செய்திருந்தார்கள். மாடியைப் பார்த்தார், பிறகு என்னை. முகம் துடைத்து, கைபேசியைத் திரும்பப் பையில் வைத்தார்.