அக்காவின் மேல் போட்ட பழி

எங்கள் அக்கா பிறந்தது நூம்பல் கிராமத்தில். அப்பா கழனி வேலையை விட்டு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் சேர்ந்ததும் குடும்பம் குவார்ட்டர்ஸுக்கு வந்தது. சிறு வயதிலேயே வீசிங். அதோடுதான் தையல் மிஷின் மிதித்து எங்களைப் படிக்க வைத்தார். பட்டாபிராமுக்கு மருமகளாகப் போன பிறகும் மிதித்தார்.

எண்பதுகளின் நடுவில் மூச்சு மிகவும் முட்டியது. கடைத்தெரு டாக்டர் மாத்திரையை அட்டையிலிருந்து பிய்த்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மூச்சு சீரானது. கைராசிக்காரர் என்று எல்லோரும் கொண்டாடினோம். ஆண்டுக்கணக்கில் அதே பொட்டலம். என்ன மாத்திரை என்று அக்கா கேட்டதற்கு, "மூச்சு நல்லா கீதில்ல? அப்பால பேரு இன்னாத்துக்கு?" என்று கம்பவுண்டர் வாயை அடைத்தார்.

அக்காவின் முகம் உருண்டது. "பூசினாப்ல ஆயிட்டியே!" என்று கல்யாண வீடுகளில், இன்று இங்கே வந்திருக்கும் சொந்தக்காரர்களான நீங்கள்தான் கன்னத்தைக் கிள்ளினீர்கள். கால்கள் குச்சியானது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஒரு கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்த அக்காவால் தரையிலிருந்து எழ முடியவில்லை. தொடையில் பலமில்லை. இலை எடுப்பவர் காத்து நின்றார். "எந்திரிக்கறதுக்கே கூலி கேப்பா போல கீது" என்றார் அக்காவின் மாமியார். பந்தியே சிரித்தது. அவமானம் தாங்காமல் அக்காவும் சேர்ந்து சிரித்தார். அதன்பின் ரயில் படி ஏறத் திணறினாலும் சோம்பேறி, மிஷின் மிதிக்க முடியாவிட்டாலும் சோம்பேறி என்றே பழி.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா மாத்திரையைப் பார்த்தார். "இது ஸ்டீராய்டும்மா. வருஷக்கணக்கா சாப்பிட்டதுல முகம் ஊதி, தசை கரைஞ்சிருக்கு. சட்டுனு நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்."

அக்கா கேட்டது ஒன்றுதான். "அப்போ நான் சோம்பேறி இல்லியா டாக்டர்?"

"இல்லம்மா" என்றதும் அங்கேயே அழுதுவிட்டார்.

அக்கா வீட்டில் சொன்னேன். "டாக்டருங்க அப்டித்தான் சொல்வாங்க" என்றார் மாமியார்.

கால் தேறுவதற்குள் அக்கா குளியலறையில் விழுந்தார். படுத்த படுக்கையானார். நெஞ்சுச் சளி உயிரைக் கொண்டுபோய்விட்டது.

பக்கத்து வீட்டு ராணியம்மாவுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தினமும் காலையில் வந்து, "நான் கீறேன், எந்திரி தங்கச்சி" என்று தூக்கி உட்கார வைத்தவர் அவர் ஒருவரே.

பந்தியில் சிரித்தவர்களும் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் நன்றி எழுதுவதுதான் முறை. எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து சாப்பிடுங்கள். போகும்முன் அக்காவின் படத்தின் முன் நின்று, அவர் சோம்பேறி இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள்.

— தங்கை