குஞ்சமா, ஃப்ரில்லா

திரைச்சீலை தைக்கும் அவளைக் கடைத்தெருவில் எல்லோரும் ‘ஊசி’ என்பார்கள். கையில் இருப்பதைச் சொன்னார்களா, வாயில் இருப்பதையா என்று அவள் விசாரித்ததில்லை. கடையின் முன்பக்கம் அவளுடைய நாத்தனார் ஆர்டர் எடுப்பாள். பின்னறையில் ஊசி தைப்பாள். சண்டை வருவது நடுக்கதவில்.

அன்று ஒரு அம்மாள் வந்து, வாங்கிப்போன திரைகளை மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

“ஃப்ரில் கேட்டேன், குஞ்சம் வச்சிருக்கீங்க. வீட்ல ரெண்டு பூனை. மாட்டின அன்னிக்கே பிய்ச்சு எறிஞ்சிடுச்சுங்க.”

கீழ் ஓரம் பல் போன வாய்போல் இளித்தது. ஊசி நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

“அண்ணி, நீங்க குஞ்சம்னுதானே சொன்னீங்க?”

“ஆமா. ரெண்டும் ஓரத்துல தொங்குறதுதானே?”

ஊசிக்குக் கோபம் தலைக்கேறியது. “ஃப்ரில்னா துணியையே சுருக்கிச் சுருக்கித் தைக்கிறது. குஞ்சம்னா நூலைக் கத்தையாக் கட்டித் தொங்கவிடுறது. எத்தனை தடவை சொல்றது?”

“எல்லாம் அழகுக்குத்தானே! இதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறே?”

மிச்சமிருந்த குஞ்சத்தைப் பிரிக்கவே பகல் போய்விட்டது. பிரித்த இடத்தில் தையல் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றை மறைக்க ஃப்ரில்லைச் சற்று மேலே ஏற்றித் தைத்தாள். முதுகு விண்விண்ணென்று வலித்தது. நாத்தனார் வைத்துவிட்டுப் போன டீயை அவள் தொடவில்லை.

பிறகு ஒரு துண்டுத் துணியில் பாதி ஓரம் ஃப்ரில்லும் பாதி ஓரம் குஞ்சமும் தைத்து, நாத்தனார் ஆர்டர் எடுக்கும் போன் பக்கத்தில் மாட்டிவைத்தாள். அந்த வாரமே அது காணாமல் போனது. நாத்தனார் அதைக்கொண்டு கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இதுல தூசி நல்லாப் போகுதுடி.”

ஊசி போனை எடுத்துக்கொண்டாள். “இனிமே ஆர்டர் நான்தான் எடுப்பேன்.”

“தாராளமா எடு. எனக்கும் தொல்லை விட்டுச்சு.”

முதல் அழைப்பில் ஓர் ஆண் குரல், “ஸ்கிரீனுக்குக் குஞ்சம் வைக்கணுங்க” என்றது.

“நூல் தொங்குமே, அதுவா?”

“நூல் இல்லைங்க. சுருக்குச் சுருக்கா வருமே.”

“அது ஃப்ரில்லுங்க.”

“எங்க வீட்ல அதைக் குஞ்சம்னுதான் சொல்லுவோம்.”

நடுக்கதவில் நின்ற நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊசி பல்லைக் கடித்தபடி அளவு கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிரித்துத் தைக்கிற வேலை அதன்பின் குறைந்தது, எரிச்சல் குறையவில்லை. போனை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை.