ஆளுக்கு ஒரு பெட்டி

மார்வா ஸ்டெங்கல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்த பிள்ளைகளில் அவளிடம் திட்டு வாங்காத பிள்ளை கிடையாது. கோபம் அவளுக்கு மூக்குநுனியில். ஆனால் காரணமில்லாமல் வராது; அவளைப் பிடிக்காதவர்களே இதை ஒப்புக்கொள்வார்கள்.

மர ஆலையில் இடுப்பு ஒடிந்து கணவன் லைல் வீட்டோடு உட்கார்ந்த பிறகு, எல்க் மான் வேட்டை அவள் பொறுப்பாயிற்று. அதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மான் விழுந்தால் குளிர்காலம் முழுக்க வீட்டில் இறைச்சி உண்டு. விழாவிட்டால் பீன்ஸும் உருளைக்கிழங்கும்தான்.

துப்பாக்கி அப்பா விட்டுப்போனது. அந்தப் பழைய அளவில் தயார்த் தோட்டாவை எந்தக் கடையும் இப்போது வைப்பதில்லை. வரவழைத்தால் யானை விலை குதிரை விலை. அதனால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, கார் கொட்டகையில் உட்கார்ந்து அவளே மறுபடி நிரப்புவாள். இந்த வருடம் கூடு இருந்தது, வெடிமருந்து இருந்தது, ஈயக்குண்டும் இருந்தது. பிரைமர்தான் இல்லை. கூட்டின் அடியில் பதிக்கிற, பட்டாணியைவிடச் சின்ன மூடி அது. நெருப்புப் பொறி கிளப்புவது அதுதான். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. போன வருடத்து மிச்சமாக மூன்று தோட்டா மட்டும் டப்பாவில் கிடந்தது. மூன்றை நம்பி மலையேற யாருக்குத்தான் தைரியம் வரும்?

வேட்டை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது நார்ட்விக்கின் இரும்புக்கடைக்குப் பிரைமர் சரக்கு வந்தது. ஆளுக்கு ஒரு பெட்டி என்று அவன் அட்டையில் எழுதி மாட்டியிருந்தான். விலையும் நியாயம், விதியும் நியாயம். காலைப் பேருந்துச் சுற்றை முடித்துவிட்டு மார்வா போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் டெல்பர்ட் ரஸ்ஸின் குடும்பமே நின்றது. மனைவி, தம்பிகள், தம்பி மனைவிகள், போதாக்குறைக்குச் சக்கர நாற்காலியில் மாமியார் ஹாட்டி. டெல்பர்ட் பழைய கார் வாங்கி விற்கிறவன். வேட்டைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

"ஹாட்டி, நீங்க எப்போலேர்ந்து தோட்டா நிரப்ப ஆரம்பிச்சீங்க?" என்று மார்வா கேட்டாள்.

"எனக்கென்னம்மா தெரியும். ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு கூட்டிட்டு வந்தான்."

டெல்பர்ட் சிரித்தான். "ஆளுக்கு ஒண்ணுதானே மார்வா? என் தம்பிங்க ஆள் இல்லையா, எங்க மாமியார் ஆள் இல்லையா?"

"உங்கம்மா செத்துப் பல வருசமாச்சு. அவங்க பேருல ஒரு பெட்டி வாங்காம விட்டியே, அதுவே பெரிசு."

அவள் முறை வந்தபோது அலமாரி துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. நார்ட்விக் கையை விரித்தான். "வரிசையில நின்னு வாங்கினாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

பின்னால் நின்ற இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். இதுதான் மார்வாவுக்கு அடங்கவே இல்லை. திருடுகிறவன் ஒருவன்; வேடிக்கை பார்க்க இத்தனை பேரா?

சனிக்கிழமை சந்தைத் திடலின் கூடத்தில் துப்பாக்கிச் சந்தை. டெல்பர்ட் அங்கே மேஜை போட்டிருக்கிறான், பிரைமர் மூன்று மடங்கு விலை என்று கேள்விப்பட்டு, மானத்தை விழுங்கிக்கொண்டு மார்வா போனாள். மேஜையைப் பார்த்ததும் அவள் கால் அப்படியே நின்றுவிட்டது.

பெட்டிகளையெல்லாம் பிரித்து, பிரைமர்களை ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியில் கொட்டி வைத்திருந்தான். கைத்துப்பாக்கிக்கு உரியது, பெரிய துப்பாக்கிக்கு உரியது, எல்லாம் ஒன்றாக. கரண்டியால் அள்ளிச் சில்லறையாக விற்கிறானாம். பிரைமரைக் குழிக்குழியான தட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்குவது அழகுக்காக இல்லை. குவியலில் ஒன்று வெடித்தால் மற்றதெல்லாம் சேர்ந்து வெடிக்கும். தோட்டா நிரப்புகிற வீட்டில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது.

"டெல்பர்ட், கரண்டியக் கீழ வை. மெதுவா," என்றாள்.

"ஏன், விலை கட்டுப்படியாகலையா? உன்ன மாதிரி ஆளுங்களுக்காகத்தான் கொஞ்சங்கொஞ்சமா போட்டிருக்கேன். இரு, நல்லதா மேல வரட்டும்." ஜாடியைக் குலுக்கக் கையை நீட்டினான்.

பேருந்தின் கடைசி இருக்கை வரைக்கும் எட்டுகிற குரல் அப்போது கூடத்தில் எழுந்தது. "கையை எடுடா. எல்லாரும் வெளிய போங்க. பிரைமரக் கொட்டி வச்சிருக்கான்."

கூடம் காலியாயிற்று. தீயணைப்புத் தொண்டர்கள் வந்து, கவசம் போட்டுக்கொண்டு, ஜாடியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிப் போய், இனிப் பொறி கிளம்பாதபடி எண்ணெய் வாளியில் மூழ்கடித்தார்கள். பள்ளத்தாக்கு முழுவதற்குமான ஒரு பருவத்துப் பிரைமர், யாருக்கும் உதவாமல் போயிற்று. நஷ்டத்தை யார் தருவது என்று டெல்பர்ட் கத்திக்கொண்டிருந்தான்.

வண்டிகள் நின்ற இடத்தில் பக்கத்துப் பண்ணைக்காரன் வெண்டெல் வந்தான். "கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம் மார்வா. பொறுக்கி எடுத்திருந்தா பாதியாவது தேறியிருக்கும்."

"கடையில அவன் பின்னாடி நின்னப்ப உனக்கு வாய் இல்ல. இப்ப மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.

மூன்று தோட்டாவோடுதான் மலையேறினாள். முதலாவது பனிமூட்டத்தில் வீணாயிற்று. மறுநாள் இரண்டாவதில் ஒரு பெண் மான் விழுந்தது.

அங்கே மான் விழுந்தால் வேட்டைக்குப் போக முடியாதவர்களுக்குப் பங்கு போகும். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றியென்று நீட்டி முழக்குவதும் இல்லை. மார்வா பொட்டலங்களைக் கட்டும்போது ஹாட்டியின் பெயரைச் சொன்னாள்.

"அந்த வீட்டுக்குமா?" என்றான் லைல்.

"கிழவி என்ன பண்ணா? அந்த ஐஸ்கிரீமகூட வாங்கித் தந்திருக்க மாட்டான்."

கதவைத் திறந்தவன் டெல்பர்ட். பொட்டலத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்தான். "எவ்வளவு?" என்றான்.

வரிசையிலும் வராத கோபம், கூடத்திலும் வராத கோபம் அவளுக்கு அப்போது வந்தது. குரல் மட்டும் எழவில்லை.

"இந்தப் பள்ளத்தாக்குல இதுக்கு விலை கேட்ட முத ஆள் நீதான். பர்ஸ உள்ள வை. போய் ஹாட்டியக் கூட்டிட்டு வா, அவங்க கையில தரேன்."

அவன் கையை நீட்டிக்கொண்டே நின்றான். அவள் கொடுக்கவில்லை. கடைசியில் உள்ளே போய், ஹாட்டியின் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தான்.