கரி பூசிய கள்ளனும் பொதுநிற மாப்பிள்ளையும்

கலியாணத் தரகர் என்னைப் பற்றிப் பெண் வீட்டில் சொல்லி வைத்திருந்தது, 'மாப்பிள்ளை பொதுநிறம்', அதாவது கறுப்புமில்லை வெள்ளையுமில்லை, என்று. நான் வெயிலில் நின்றால் எது நான், எது என் நிழல் என்று காட்ட ஆள் வைக்க வேண்டும். அவ்வளவு பொதுநிறம்.

அறுபதுகளில், சுன்னாகத்துக்குப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பின்னேரம் மண்டபத்தில் பழைய ஊமைப்படம் ஓட்டினார்கள். வெள்ளைக்காரர் எடுத்த கள்ளன் பொலிஸ் கதை. பேச்சில்லை; இடைக்கிடை ஆங்கில எழுத்து மட்டும் வரும். அதைத் தமிழில் உரத்துச் சொல்வது என் வேலை. விளக்கை அணைக்கிற நேரம் தரகர் ஓடிவந்து காதுக்குள் சொன்னார்: இணுவிலில் இருந்து பெண்ணின் தகப்பன் என்னை ஒளித்துப் பார்க்க வந்திருக்கிறாராம். முன்வரிசை, கையில் குடை.

படத்தில் நல்லவர்கள் எல்லாரும் வெள்ளை. அவர்கள் வளர்த்த நாயும் வெள்ளை. இரும்புப் பெட்டியில் இருந்த முத்துமாலையைத் திருட வந்தவன் மட்டும் கறுப்பு, தலைப்பாகை, மீசை. தலைப்பாகையைக் கழற்றினால் நான்தான்.

"மாஸ்டர், எப்ப படத்திலை நடிச்சனீங்கள்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது. முன்வரிசைக் குடை அசைந்தது.

என் கலியாணம் அந்தக் கள்ளனோடு சேர்ந்து கம்பி எண்ண மறியலுக்குப் போகப்போகிறது என்று விளங்கியது. அந்த நேரம் பார்த்து அவன் இரும்புப் பெட்டிக்குக் கையை நீட்டினான். சட்டைக்கை மேலே ஏறியது. மணிக்கட்டுக்கு அப்பால் பால் வெள்ளை. கள்ளன் வேலையைக்கூட ஒரு கறுப்பனுக்குக் கொடுக்க மனமில்லாமல், வெள்ளைக்காரன் ஒருவனே கரி பூசிக்கொண்டு செய்திருக்கிறான்.

"உவன்ரை கை வெள்ளையாக் கிடக்கு" என்றார் வெங்காயம் விற்கிற அக்கா ஒருவர்.

விட்டேனா? "ஓம், உவர் கள்ளனில்லை. கரி பூசி மாறுவேசத்திலை வந்த வெள்ளைக்காரத் துப்பறியிற ஐயா" என்றேன்.

அதன் பிறகு எழுத்து ஒன்று சொன்னது, நான் ஒன்று சொன்னேன். அவன் மாலையை எடுத்தது பத்திரப்படுத்த. வெள்ளைக் கதாநாயகன் அவனை அடித்தது, தானே உண்மைக் கள்ளன் என்ற குட்டு வெளிப்பட்ட ஆத்திரத்தில். கடைசியில் பொலிஸ் அவனுக்கே விலங்கு மாட்டியபோது, அதுவும் இரகசியம் காக்க அவர்கள் போடுகிற நாடகம் என்றேன். சனம் கைதட்டியது.

வாசலில் குடைக்காரர் என்னை மறித்தார். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சனோடு இளைப்பாறியவர் என்று தரகர் அப்போதுதான் சொல்லித் தொலைத்தார்.

"தம்பி, எனக்கும் இங்கிலீசு வாசிக்கத் தெரியும்" என்றார் அவர்.

அவர் கையில் இருந்த குடைக்கு எட்டாதபடி ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"உம்மடை கதைதான் திறம். ஆனால் ஒண்டு கேக்கிறன். கறுத்த ஆளைக் காப்பாத்தத்தானே உவ்வளவு பாடுபட்டனீர்? பிறகேன் அவனை வெள்ளைக்காரன் ஆக்கினனீர்?"

அது எனக்கு அதுவரை உறைக்கவேயில்லை.

அவர் தரகரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "என்ரை மகளைப் பற்றி உமக்கு என்ன சொன்னவர்?"

"பொதுநிறம் எண்டு, ஐயா."

"அவவும் உம்மடை நிறந்தான்" என்றார் மாமா. "ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாரும். பவுடர் கிவுடர் பூசாமல் வாரும்."