எருக்கிலைக்கு ஒரு பிரார்த்தனை

என் அக்கா சந்தனமேரியின் பிடிவாதம் எங்கள் ஊர் ஆவூருக்கே தெரியும். அன்னவாசலிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களைக் காப்பி கொடுத்த கையோடு, "எனக்கு வேலை கெடைக்கப் போகுது, போயிட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தவள் அவள்.

அது 1941. புதுக்கோட்டையில் ஒரு கன்னியர் பள்ளிக்கு, உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்க ஒரு பெண் தேவைப்பட்டாள். செடிகளை விவரிக்கும் லத்தீன் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். திருச்சியிலிருந்து புரபசர் வந்து சோதிப்பார்.

"தோத்துட்டு வந்தா அன்னவாசலுக்குக் கழுத்த நீட்டணும்" என்றார் எங்களைப் பெற்ற அய்யா சவரியப்பன்.

"தோத்தாத்தானே?" என்றாள் அக்கா.

ஆனால் சொற்கள் மண்டையில் ஏறவில்லை. இன்று படித்தது நாளைக்குக் காணோம். அழுதாள், தாளைச் சுருட்டி எறிந்தாள். பிறகு ஒருநாள் கோயிலில் மாதா பிரார்த்தனை பாடிவிட்டு வந்தவள், அதே ராகத்தில் செடியைப் பாட ஆரம்பித்துவிட்டாள். கோயிலில் ஒருவர் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாக லத்தீனில் பாட, சனமெல்லாம் "ஓரா ப்ரோ நோபிஸ்" என்று பதில் சொல்லும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று அர்த்தம். பதில் வந்தால்தான் அடுத்த வரி. அக்கா "ஃபோலியா ஒப்போசித்தா", அதாவது இலைகள் எதிரெதிர், என்று இழுப்பாள். அம்மி அரைத்தபடி நான் "ஓரா ப்ரோ நோபிஸ்" போட வேண்டும். எருக்கிலையா நமக்காக வேண்டிக்கொள்ளப் போகிறது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

"தேவதூஷணம்டி!" என்று கத்திவிட்டு அய்யா கொல்லைக்குப் போய்விடுவார். சொற்கள் மட்டும் ஒன்றுவிடாமல் அவள் வாயில் நின்றுவிட்டன.

சோதனையன்று அய்யாதான் பஸ்ஸில் கூட்டிப்போனார். நானும் தொற்றிக்கொண்டேன். வராந்தாவிலிருந்து ஜன்னல் வழியே பார்த்தோம். புரபசர் எருக்கங்கிளையை நீட்டினார்.

"ஃபோலியா ஒப்போசித்தா" என்றாள் அக்கா. அதோடு நின்றுவிட்டாள். பதில் வரவில்லையே! பதிலையும் தானே முணுமுணுத்துப் பார்த்தாள். அப்படியும் அடுத்த சொல் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். பாழாய்ப்போன நான் பதில் போடுவதை விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தேன்.

"மறந்துபோச்சாம்மா? சரி, நீ போகலாம்."

"மறக்கலைங்க. போக மாட்டேன், கொஞ்சம் இருங்க."

கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை ராகத்தோடு வாய்விட்டே பாடினாள். "ஃபோலியா ஒப்போசித்தா..."

"ஓரா ப்ரோ நோபிஸ்!"

வராந்தாவே அதிர்ந்தது. அய்யா! துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி கண்ணை மூடி நின்றிருந்தார்.

"சுப்துஸ் தோமெந்தோசா" என்று இலையைத் திருப்பி, அடிப்பக்கத்து வெள்ளைப் பஞ்சைக் காட்டினாள் அக்கா. மறுபடியும் அய்யாவின் பதில். புரபசர் திகைத்துப்போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளித் தலைவி மதரைப் பார்த்தார்.

"செடியப் பத்திச் சொல்றது பொண்ணுதானே?" என்றார் மதர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வேலை கிடைத்தது. திரும்பும்போது, ஏன் பதில் போட்டார் என்று அய்யாவிடம் கேட்டேன்.

"கோயில் பழக்கம் ஆத்தா. வாய் தானா சொல்லிருச்சு."

பழக்கத்தில் ஒரு தடவை வாய் தவறலாம். கடைசிச் செடி முடியும்வரை நின்று பதில் சொன்ன மனுஷனை எப்படி நம்புவது? மறுநாள் அவரே அன்னவாசலுக்கு நடந்துபோய், பெண் தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.